இரண்டு படிப்பு, இரண்டு மாதம்

நான் படித்த பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கட்டடத்துக்கும் நிதித்துறைக் கட்டடத்துக்கும் நடுவே பத்து நிமிட நடை. வேலூர் வெயிலில் அந்தப் பத்து நிமிடம் லேசுப்பட்டதல்ல. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் ஐந்தாண்டுப் படிப்பு என்னுடையது. வகுப்பில் மொத்தமே முப்பது பேர். காலையில் குளிரூட்டிய ஆய்வகத்தில் நிரல் எழுதிவிட்டு, பதினொன்றரைக்கு வெளியே வந்து, வேர்க்க விறுவிறுக்க நடந்து, கடன்பத்திரங்களின் விலை பற்றிய வகுப்பில் போய் உட்காருவோம். கணினிக்காரர்கள் எங்களை ‘ஷேர் மார்க்கெட்’ என்று கூப்பிட்டார்கள். நிதித்துறைக்காரர்கள் பிரிண்டர் மக்கர் செய்தால் மட்டும் எங்களைத் தேடினார்கள். இரண்டு பக்கத்திலும் எங்களை அடுத்த வீட்டுப் பிள்ளைகளாகத்தான் நடத்தினார்கள்.

இரண்டு துறைகளுக்கும் புத்தி வேறு. கணினி வகுப்பில் விடை தப்பாக வந்தால் நிரலில் எங்கோ ஒரு வரி தப்பு என்று பொருள். பொறுமையாகத் தேடினால் அகப்படும். நிதி வகுப்பில் தப்பு என்ற சொல்லையே யாரும் பயன்படுத்துவதில்லை. அங்கே எல்லாம் அனுமானம். அனுமானத்தை மாற்றினால் விடை மாறும், அவ்வளவுதான். காலையில் ஒரு புத்தியோடும் மதியம் இன்னொரு புத்தியோடும் இருப்பது எனக்கு ஒத்துவந்தது. நான் எதிலும் ஒட்டாத சுபாவம் என்று அப்பா சொல்வார். குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

இந்தப் படிப்பை நானே தேடிப் பிடித்தேன் என்று சொன்னால் பொய். பிடித்தது அம்மா. ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் தையல் பிரிவில் அவள் வேலை செய்தாள். காலணியின் மேல்பாகத் தோலை மெஷினில் தைக்கும் வேலை. அங்கே யாரோ ஒரு அதிகாரியின் மகள் இப்படி இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு பெங்களூரில் வசதியாக இருப்பதாக ஃபேக்டரி பஸ்ஸில் பேச்சு வந்திருக்கிறது. ஒன்றில் வேலை கிடைக்காவிட்டால் இன்னொன்று இருக்கும், இரண்டுக்கும் போடு என்றாள். ஒரு நூல் அறுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளட்டும் என்று பக்கத்திலேயே இரண்டாவது தையல் ஓட்டுகிறவள். அவளுக்கு அப்படித்தான் தோன்றும். அப்பா தோல் கட்டுகளை ஏற்றிச்செல்லும் லோடு ஆட்டோ ஓட்டினார். படிப்பு விஷயத்தில் அம்மா சொன்னால் சரி என்று இருந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் முதலில் வாங்கிய சிம் கார்டு அம்மா பேரில் இருந்தது. ஆதார், வங்கி, கேஸ், பி.எஃப். எல்லாவற்றிலும் அந்த எண்தான். நான் பல்கலைக்கழகம் சேர்ந்தபோது அந்த சிம்மை ஒரு புது ஸ்மார்ட் போனில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, அம்மா தனக்கு ஒரு பட்டன் போனும் வேறு எண்ணும் வைத்துக்கொண்டாள். அதனால் வீட்டுக்கு வரவேண்டிய ஓடிபி அத்தனையும் வகுப்பில் எனக்கு வந்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நிற்பார்; நான் பெஞ்சுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு நான்கு எண்களைக் கிசுகிசுப்பேன். ஓடிபியை எவரிடமும் சொல்லக் கூடாது என்று கணினிப் பாதுகாப்புப் பாடம் நடந்துகொண்டிருந்தபோதே ஒருமுறை சொன்னேன்.

நான்காம் வருடம் மார்ச் மாதத்தில் ஒரு மதியம் அம்மா கூப்பிட்டாள். சாப்பாட்டு இடைவேளையில் ஃபேக்டரிக்கு எதிரில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்கு வந்திருப்பதாகவும், ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல் என்றும் சொன்னாள். ஆறு எண்கள். அந்தச் செய்தியில் வேறு என்ன எழுதியிருந்தது என்று பார்க்காமல் படித்துச் சொன்னேன். கணினி படிக்கிற மகளை வீட்டில் வைத்துக்கொண்டு அவள் எதற்குப் பிரவுசிங் சென்டருக்கு முப்பது ரூபாய் கொடுக்கிறாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, இரண்டு துறைகளும் சேர்ந்து எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தன. ஓய்வுக்கால வருமானத்தைக் கணக்கிடும் நிரல் ஒன்றை எழுத வேண்டும். கற்பனை ஆள் கூடாது. குடும்பத்தில் சம்பளம் வாங்கும் ஒருவருடைய உண்மையான பணி விவரங்களை, அவர் சம்மதத்தோடு எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் இன்றே வேலையை விட்டால் பிற்பாடு மாதம் எவ்வளவு ஓய்வூதியம் வரும், ஐம்பத்தெட்டு வயது வரை இருந்தால் எவ்வளவு வரும் என்று நிரல் இரண்டு விடை காட்ட வேண்டும்.

லோடு ஆட்டோவுக்கு பி.எஃப். கிடையாது என்பதால் எனக்கு அம்மாதான். கேட்டபோது அவள் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கை கொஞ்சம் நின்றது. மார்க்குக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மார்க் என்று சொன்னால் அவள் எதையும் மறுத்ததில்லை.

இந்த வேலையில் என் கூட்டாளி ஜோலார்பேட்டையிலிருந்து வருகிற வகுப்புத் தோழன். அவனுடைய அப்பா ரயில்வேயில் வேலை செய்தார். ரயில் அங்கேயே காலியாகக் கிளம்பும் என்பதால், காலையில் ஜன்னல் ஓரத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பான். ஆம்பூரில் ஏறி காட்பாடி வரை வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டு போவோம். நிரலை இருவரும் சேர்ந்தே எழுதினோம். முதலில் அவன் அப்பாவின் விவரங்களைக் கொடுத்தோம். ஒரே நிர்வாகம், ஒரே எண், முப்பது வருடம். நிரல் கண்ணிமைக்கும் நேரத்தில் விடை சொன்னது. அடுத்து அம்மாவுடையது. நான் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, கல்யாணமான கையோடு அவள் அந்த ஃபேக்டரியில் சேர்ந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஆக இருபத்திரண்டு வருடம். ஓரளவு நல்ல தொகை வரும் என்று எதிர்பார்த்தேன்.

இன்றே விட்டால் ஓய்வூதியம் பூஜ்யம் என்று வந்தது.

நிரலில் தப்பு என்று நினைத்தேன். காலைப் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். தேதியில் நாளும் மாதமும் இடம் மாறிப் படிக்கப்படுவது எங்கள் வகுப்பின் நிரந்தர வியாதி. முதலில் அதைப் பார்த்தேன். அது இல்லை. வருடங்களை முழுமையாக்கும் இடத்தைப் பார்த்தேன். அதுவும் இல்லை. இரண்டு நாள், ஆய்வகத்திலும் ரயிலிலும், ஒவ்வொரு வரியாகப் போனேன். மீண்டும் மீண்டும் பூஜ்யம். மூன்றாம் நாள் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவில் அதைத் தனியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்த தோழன், நான் ஏறி உட்கார்ந்ததும் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான்.

“கோடுல தப்பே இல்ல. உங்கம்மா சர்வீஸ்தான் இன்னாவோ மாதிரி இருக்கு பாரு,” என்றான்.

பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் என்று நான் நினைத்திருந்த இடத்தில் மூன்று துண்டுகள் இருந்தன. ஆறு வருடம் வேலை, விலகல். இரண்டு மாத இடைவெளி. அதே ஃபேக்டரியில் புது எண்ணில் மறுபடி ஆறே முக்கால் வருடம், விலகல். மறுபடி இரண்டு மாதம். பிறகு மூன்றாவது எண், எட்டு வருடம் பதினொரு மாதமாக நடப்பு. விலகலுக்குக் காரணம் என்ற இடத்தில் இரண்டு முறையும் ‘சொந்தக் காரணம்’ என்று போட்டிருந்தது. ஒவ்வொரு விலகலிலும் பணம் மொத்தமாக எடுக்கப்பட்டிருந்தது, ஓய்வூதியத்துக்கென்று ஒதுங்கியிருந்த பகுதியோடு சேர்த்து. அதை எடுத்துவிட்டால் அதுவரை உழைத்த வருடங்களும் கணக்கிலிருந்து போய்விடும். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடம் வேண்டும். கையில் ஒன்பதுகூட நிறையவில்லை. நிரல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அந்தத் தேதிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டும் கோடை. முதல் விலகல் நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம். இரண்டாவது, வேறு பள்ளிக்கு மாறி எட்டாம் வகுப்பில் சேர்ந்த வருடம்.

எனக்கு அந்த இரண்டு கோடைகளும் நன்றாக ஞாபகம் இருந்தன. அம்மா வீட்டில் இருந்த கோடைகள் அவை. மற்ற நாட்களில் அவள் ஏழு மணிக்கு பஸ் ஏறிவிடுவாள். திரும்பும்போது கையில் தோல் ஒட்டும் சொல்யூஷனின் வாசனை வரும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. வீட்டில் இருந்த அந்த மாதங்களில் இரண்டாம் வாரத்திலேயே அந்த வாசனை போய்விட்டது. எனக்கு நிதானமாகத் தலை பின்னினாள். மதியம் சுடச்சுடச் சோறு போட்டாள். அதன் பிறகு தரையில் ஒரு புடவையை விரித்துப் படுத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கினாள். வெளிச்சத்தில் அவள் தூங்கி நான் பார்த்தது அப்போது மட்டும்தான். மின்விசிறியை நான்கில் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பேன். ஃபேக்டரியிலும் பள்ளிக்கூடம் மாதிரி சில வருடங்களில் கோடை விடுமுறை விடுவார்கள் என்பது என் எண்ணம். ஆறாம் வகுப்புக் கட்டுரையில் அப்படியே எழுதியும் வைத்தேன். டீச்சர் சிவப்பு மையில் அடிக்காமல் விட்டுவிட்டார்.

எங்கள் ஊரில் இதற்கு ‘கணக்கு முடிக்கிறது’ என்று பேர். பெரிய செலவு ஒன்று வந்தால், மகள் கல்யாணமோ, வீட்டுக்குக் கூரையோ, பள்ளிக்கூட அட்மிஷனோ, தையல் லைனில் வேலை செய்யும் பெண்கள் ரிசைன் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு மாதம் வேலையில் இல்லை என்று காட்டினால் பி.எஃப். பணம் முழுதாகக் கைக்கு வரும். பிறகு அதே கேட்டில் போய் நின்றால் புது டோக்கன், புது ஆள் சம்பளம், பழைய மெஷின். சூப்பர்வைசர் அந்த மெஷினில் வேறு ஆளைத் தற்காலிகமாகத்தான் உட்கார வைத்திருப்பார். இது ரகசியமே இல்லை. தெருவில் பாதி வீட்டில் நடந்திருக்கிறது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாமல் போனதற்கு ஒரே காரணம், அந்த இரண்டு கோடைகளும் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தன.

ரயில் காட்பாடியில் நின்றபோது மார்ச் மாதத்து ஓடிபி ஞாபகம் வந்தது. போனில் பழைய செய்திகளைத் தேடிப் படித்தேன். பி.எஃப். இருப்பைப் பார்ப்பதற்கான ஓடிபி அது. எனக்கு உதவித்தொகை நான்கு வருடத்துக்குத்தான். ஐந்தாம் வருடக் கட்டணம் ஜூனில் முழுதாகக் கட்ட வேண்டும். அம்மா மூன்றாவது முறை கணக்கு முடிக்கப் போகிறாள். அவளுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் ஐம்பத்தெட்டுக்குள் பத்து வராது. இன்னும் பதின்மூன்றே மாதம் இருந்துவிட்டால் சாகும்வரை மாதாமாதம் ஏதோ ஒன்று வரும். இப்போது விட்டால் எதுவும் கிடையாது. இதைக் கணக்கிட எனக்கு நிரல் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டேன். அப்பா திண்டிவனம் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். அம்மா மறைக்கவில்லை. லெட்டர் சூப்பர்வைசர் கையில் இருக்கிறது, ஏப்ரல் கடைசியோடு முடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்றாள், ரேஷனில் அரிசி வந்துவிட்டது என்று சொல்கிற குரலில். நான் பத்து வருட விதியைச் சொன்னேன். துண்டுகளை ஒரு தாளில் வரைந்தே காட்டினேன். அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டு முழுதாகக் கேட்டாள். பதின்மூன்று மாதம் பொறுத்துக் கட்டணம் வாங்கிக்கொள்வார்களா என்று மட்டும் கேட்டாள். மாட்டார்கள் என்றேன். “அப்போ இன்னாத்துக்கு இத சொல்ற,” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அவள் உழைத்த பன்னிரண்டே முக்கால் வருடம் கணக்கிலேயே இல்லை. இரண்டு முறையும் அதை விழுங்கியது நான். மூன்றாவது முறையும் நான்தான். நிதிப் படிப்பை விட்டுவிடுகிறேன், நான்காம் வருடத்தோடு கணினிப் பட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வர வழி இருக்கிறது என்றேன். உண்மையிலேயே இருந்தது, வகுப்பில் ஏற்கெனவே நான்கு பேர் அதற்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

“ரெண்டும் படிக்கிறாள்னு லைன் பூரா சொல்லி வெச்சிருக்கேன்,” என்றாள் அம்மா. “இப்போ ஒண்ணுதான்னு போய்ச் சொல்லவா? பேசாம இரு.”

 அன்றைக்குப் பீன்ஸ் பொரியலில் உப்பு கம்மி. இருவரும் அப்படியே சாப்பிட்டு எழுந்தோம்.

அடுத்த இரண்டு நாள் ரயிலில் பி.எஃப். எனப்படும் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் விதிகளை முழுக்கப் படித்தேன். சட்டத் தமிழ்கூட இல்லை, சட்ட ஆங்கிலம். ஒரு வாக்கியம் முக்கால் பக்கம் போகும். நிரல் மாதிரிப் படித்தால்தான் பிடிபட்டது: இது இருந்தால் அது, இல்லாவிட்டால் இது, கீழ்க்கண்டவை நீங்கலாக. அப்படிப் பிரித்து எழுதிக்கொண்டே போனதில் ஒரு இடத்தில் நின்றேன். ஏழு வருடம் உறுப்பினராக இருந்தால், பிள்ளைகளின் மேல்படிப்புக்காக, தன் பங்கில் பாதி வரை, வேலையை விடாமலேயே எடுக்கலாம். ஓய்வூதியப் பகுதியைத் தொடாது. சேவைக் காலம் குறையாது. தோழனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு முறை படித்துவிட்டு, “இது எல்லாருக்கும் தெரியாதா?” என்றான்.

தெரிந்த சிலர் இருந்திருப்பார்கள். ஆனால் லைனில் பேச்சு வேறாக இருந்தது. வேலையில் இருக்கும்போது கேட்டால் தர மாட்டார்கள், அலைய விட்டு பேஜாராக்குவார்கள், கணக்கு முடித்தால்தான் சுத்தமாக வரும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். பிரவுசிங் சென்டர்க்காரருக்கும் அந்த ஒரு வழிதான் பழக்கம். எந்த வகுப்பிலும் எனக்கு இந்த விதியைச் சொல்லித் தரவில்லை. ஆனால் இரண்டு வகுப்பிலும் உட்காராமல் இருந்திருந்தால் அதை அப்படிப் படித்திருக்க மாட்டேன். ஐந்து வருடத்தில் அந்தப் படிப்பின்மேல் எனக்கு மரியாதை வந்த நாள் அதுதான்.

அம்மாவிடம் காட்டினேன். பாதிதான் வரும், மீதியைத் தவணையில் கட்ட அனுமதி கேட்கிறேன், ஆய்வகத்தில் ஜூனியர்களுக்கு உதவியாளர் வேலையும் கேட்டு வைத்திருக்கிறேன் என்றேன்.  ஏமாற்றிவிட மாட்டார்களே என்றாள். பிறகு, சரி என்றாள்.

லெட்டரைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை நானும் கூடப் போனேன். கேட்டுக்கு உள்ளே என்னை விடவில்லை. எதிரில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். லெட்டர் ஆபீசுக்குப் போய்விட்டதாக சூப்பர்வைசர் சொன்னால் அதோடு முடிந்தது. லாரி ஒன்று பதப்படுத்திய தோலை இறக்கிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு இடைவேளை மணி அடித்து, பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். கடைசியாக அம்மா வந்தாள். டிபன் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து என் கையில் கொடுத்தாள். மேசை இழுப்பறையிலேயே கிடந்ததாம்.

எனக்கு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கள் வீட்டில் அப்படிப் பழக்கம் இல்லாததால் டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி நின்றாள். காலையிலிருந்து மெஷினில் உட்கார்ந்த களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். டீயைப் பாதி வைத்துவிட்டு, மணி அடிப்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை விண்ணப்பத்தை என் போனிலேயே போட்டேன். ஓடிபியும் அதே போனுக்கு வந்தது. இந்த முறை செய்தியை முழுக்கப் படித்தேன். மூன்று வாரத்தில் பணம் வந்தது. ஐந்தாம் வருடம் தொடங்கியது.

செய்தி லைனில் பரவி, ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் போனும் ஆதார் கார்டுமாக எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அம்மா அதில் கொஞ்சம் மிதப்பாகவே இருந்தாள். சிலருக்குப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் வேறு சிலர், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போய், அடுத்த மாதமே கணக்கு முடித்துவிட்டார்கள். அதிலும் ஒருவருக்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அவருக்குத் தாளில் படம் போட்டே விளக்கியிருந்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் புரிந்துகொள்ளாதவர்களுக்கு யார் என்ன செய்ய முடியும் என்று அம்மாவிடம் கத்தினேன். அவர்களுக்குப் புரிந்துதான் இருக்கும் என்றாள் அம்மா. பிறகு ஏன் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஏப்ரல் கடைசியில் அம்மாவுக்குப் பத்து வருடம் முடிந்தது. அதற்குள் எனக்குச் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை உறுதியாகியிருந்தது. இரண்டு படிப்பும் இருப்பதால்தான் எடுத்தோம் என்று நேர்முகத்தில் சொன்னார்கள். கட்டணத்தின் கடைசித் தவணையும் கட்டியாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை கால் கிலோ மக்கன் பேடா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும், பழைய நிரலை அவள் எதிரில் ஓட்டிக் காட்டினேன். இன்றே விட்டால் என்ற வரியில் பூஜ்யம் இல்லை. ஐம்பத்தெட்டு வயதிலிருந்து மாதம் எவ்வளவு வரும் என்று ஒரு தொகை இருந்தது. பெரிய தொகை இல்லை. கேஸுக்கும் கரண்டுக்கும் போய் மளிகைக்குக் கொஞ்சம் மிஞ்சும்.

“இவ்ளோதானா,” என்றாள். பிறகு ஒரு பேடாவை எடுத்துக் கடித்தாள். சொல்யூஷன் வாசனைக் கையோடு சாப்பிடுவது அவளுக்குப் பழகிவிட்ட விஷயம். மென்று முடிக்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே ரிசைன் போட்டாக்கூட இது போவாதில்ல?”

போகாது என்றேன். பத்து வருடம் ஆகிவிட்டால் யாரும் அழிக்க முடியாது, விட்டுவிட்டு வந்து மறுபடி சேர்ந்தாலும் இதோடு தொடரும் என்று விளக்கினேன். விளக்குவது எனக்குப் பிடித்த வேலையாகிவிட்டிருந்தது. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது, எதுக்கும்மா, ஃபீஸ்தான் கட்டி முடிச்சாச்சே என்று.

“ஃபீஸுக்கு இல்லடி,” என்றாள். “போன வருஷமே ரெண்டு மாசம் வீட்ல இருக்கலாம்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

சொல்லும்போது குறையாகச் சொல்லவில்லை. பேடா நன்றாக இருக்கிறது, அப்பாவுக்கு இரண்டு எடுத்து வை என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள்.  டீக்கடையில் பாதி வைத்த டம்ளரும், படம் போட்டு விளக்கியும் கணக்கு முடித்துக்கொண்டு போன அந்தப் பெண்ணும் ஒன்றன்பின் ஒன்றாக என் நினைவில் வந்து போனார்கள். அந்த வேலையில் இருபத்து மூன்று வருடத்தில் அவளுக்குக் கிடைத்த நீண்ட விடுப்பு அந்த இரண்டு கோடைகள்தான். மூன்றாவதை நான் ஃபேக்டரி வாசல்வரை போய்த் திரும்ப வாங்கி வந்திருக்கிறேன். ஓய்வூதியத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததற்காக நான் வருந்தவில்லை. இப்போதும் அதையேதான் செய்வேன். ஆனால் அந்த நிரலில் எத்தனையோ அனுமானங்கள் இருந்தன, அவளுக்கு என்ன வேண்டும் என்பது அதில் எங்கேயும் இல்லை. அது எனக்கு வலித்தது.

பேடா டப்பாவை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாள் எடுத்தேன். புது ஆள் சம்பளத்தில்தான் திரும்ப எடுப்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. மே கடைசியோடு விலகுவதாக எழுதினேன். காரணம் என்று என்ன போடுவது என்று கேட்டேன். எப்போதும் போடுவதுதான், சொந்தக் காரணம் என்று போடு என்றாள். போன இரண்டு முறையும் அது என் காரணம். இந்த முறை அவளுடையது. எழுதிக் கொடுத்தேன். அம்மா ஒருமுறை வாசித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, நான்காக மடித்து டிபன் பையில் வைத்தாள்.